இரண்டு பச்சை மூடிகள்

ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகரில், பழைய கணினிகளைச் சேகரிக்கும் சங்கத்தின் கூடத்தில், தோழி நோரீன் வீட்டு கராஜிலிருந்து வந்த அட்டைப்பெட்டியை க்ளெனிஸ் மேசைமேல் கவிழ்த்தாள். நோரீனின் கணவன் டாரில் போன குளிர்காலத்தில் இறந்தபிறகு அதை யாரும் திறந்திருக்கவில்லை. தட்டையான சாம்பல் நிறக் கேபிள்கள் பிரின்டருக்கு என்று ஒதுக்கினாள். அடியில் கறுப்பாக, டிவி ஆன்டெனா வயர்போல் சுருண்டு கிடந்தது அந்தக்காலத்து நெட்வொர்க் கேபிள்.

அது அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். கம்பளி ஏலக் கம்பெனியில் அவள் பார்த்த வேலையே அதுதான். ஒரே கேபிள் மேசை மேசையாக ஓடும். இரு நுனியிலும் விரல்நுனி அளவில் ஓர் உலோக மூடி. ஒரு மூடி கெட்டால் ஆபீஸே நின்றுபோகும். தன் மேசைப் பக்கம் இருந்த மூடியை யாரும் தொடக்கூடாதென்று பச்சை டேப் சுற்றி வைத்திருந்தாள். அப்படியும் ஏல நாளாகப் பார்த்து நெட்வொர்க் படுத்தது. எல்லாவற்றையும் சோதித்தாள். பச்சை டேப் இருந்த இடத்திலேயே இருந்ததால் அந்த மூடியை மட்டும் சந்தேகிக்கத் தோன்றவில்லை. அவளை அனுப்பிவிட்டு அந்த வேலையை அதே ஆபீஸில் இருந்த டாரிலுக்குக் கொடுத்தார்கள். அதற்குப்பின் யாரும் அவளைக் கணினிப் பக்கம் விடவில்லை. ஓய்வுபெறும்வரை மீன்கடையில் பொட்டலம் கட்டினாள்.

இப்போது அவள் உள்ளங்கையில் பச்சை டேப் சுற்றிய மூடிகள் இரண்டு இருந்தன. அவள் சுற்றியது ஒன்றுதான். மீட்டரை வைத்துப் பார்த்தாள். ஒன்று, இருக்கவேண்டியபடி, சரியாக ஐம்பது ஓம் காட்டியது. மற்றது எதுவுமே காட்டவில்லை. அதன் நடு ஊசியை யாரோ அரம் போட்டுத் தேய்த்திருந்தார்கள்.

நோரீன் தேநீரோடு வந்தாள்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

க்ளெனிஸ் கையை நீட்டிக் காட்டினாள். என்ன இது என்று நோரீன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்கு எதுவும் தெரியாதென்று க்ளெனிஸ் நம்பியிருப்பாள்.

"உனக்கு முன்னாடியே தெரியும்" என்றாள் க்ளெனிஸ்.

"அவரத்தான் வேலையவிட்டு அனுப்பறதா இருந்தாங்க, க்ளெனிஸ். மூணு புள்ளைங்கள வச்சுக்கிட்டு நான் என்ன செய்வேன்?"

"அன்னிக்குச் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து கட்டிப்பிடிச்சு அழுதியே, அது?"

"அது நெசமான அழுகைதான்டி."

"அப்புறம் ஏன் இந்தப் பெட்டிய என் கையிலயே கொண்டாந்து குடுத்த?"

"அந்த மூடியத் தூக்கிப் போட்டுட்டேன்னு எங்கிட்ட சொன்னாரு." செத்தவன்மேல் அப்போதுதான் கோபம் வந்ததுபோல் இருந்தது அவள் குரல்.

கோப்பைகளை வைத்துவிட்டு நோரீன் வெளியே போனாள். க்ளெனிஸ் மீண்டும் கேபிள்களைப் பிரிக்கத் தொடங்கினாள். காலையில் இருவரும் க்ளெனிஸின் காரில்தான் வந்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே, கொளுத்தும் வெயிலில், பூட்டிய காரின் கதவுப்பிடியைப் பற்றியபடி நோரீன் நின்றுகொண்டிருந்தாள்.