இரண்டரை அங்குலம்

மூன்றே மாதத்தில் கணவரின் இடுப்பு இரண்டரை அங்குலம் கூடியிருந்தது. முப்பது வருஷமாக ஊரார் உடம்பை அளந்து தைக்கிறவளுக்கு அது கண்ணில் படாமல் போகுமா? வயசானால் தொப்பை விழுவது சகஜம்தான். ஆனால் தட்டில் பாதியை ஒதுக்கிவிட்டு எழுந்துபோகிற மனுஷனுக்கு வயிறு மட்டும் எப்படிப் பெருக்கும்? எவளோ ஒருத்தி ஆசையாகப் பரிமாறுகிறாள். செவ்வாய்க்கிழமைதோறும் தாமதமாக வேறு வந்தார். கேட்டால், "ஸ்பெஷல் ஷோ" என்றார். அவர் வேலை பார்க்கும் கோளரங்கத்துக்குப் போன் போட்டாள். செவ்வாய் மதியக் காட்சிக்குப் பிறகு அவருக்கு வேலையே இல்லையாம். இந்த லட்சணத்தில், பேண்ட் இடுப்பைப் பிரித்துத் தரச் சொல்லி அவளிடமே நீட்டினார்.

அடுத்த செவ்வாய் டிக்கெட் வாங்கிக்கொண்டு, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பின்னால் கடைசி வரிசையில் ஒடுங்கி உட்கார்ந்தாள். காட்சி முடிந்ததும் பின்தொடர்வதாகத் திட்டம். இருட்டில் அவர் குரல் வந்தது.

"நட்சத்திரத்துக்கு நடுவுல எரியறதுக்கு ஒண்ணும் மிச்சமில்லைன்னா உள்ளே சுருங்கும். வெளியே ஊதிப் பெருசாகும், சிவக்கும். நம்ம சூரியனும் ஒரு நாள் அப்படித்தான். பக்கத்துல சுத்துற கிரகத்தையெல்லாம் முழுங்கிடும்."

"பூமியையுமா சார்?" என்றாள் ஒரு சிறுமி.

"இருக்கலாம். அதுக்கு இன்னும் ஐந்நூறு கோடி வருஷம் இருக்கு. நீ வீட்டுப்பாடத்தை எழுதிடு."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. அதற்காகத் தன்மீதே எரிச்சல் பட்டாள்.

விளக்கு எரிந்து பிள்ளைகள் போன பிறகும் அவர் எழவில்லை. ஷூவைக் கழற்றிவிட்டு, வயிற்றை இரு கைகளாலும் அடியில் தாங்கிக்கொண்டிருந்தார். டிக்கெட் கிழிக்கும் பெண் தண்ணீர் கொண்டுவந்தாள். 'இவளா?'

"இன்னிக்கும் ஆஸ்பத்திரியில வயித்துத் தண்ணி எடுக்கணுமா சார்? வீட்ல இன்னும் சொல்லலையா?"

"சொன்னா மிஷினை மூடிட்டு உக்காந்துடுவா."

"யாரு மூடறது?" என்று கடைசி வரிசையிலிருந்து எழுந்து வந்தாள்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "டிக்கெட் வாங்கினியா?"

"எத்தனை நாளா?"

"நாலு மாசமா. ஈரல்ல ஏதோ. மருந்துல சரியாயிடும்னாங்க."

"அவ்வளவுதானா? இன்னும் ஏதாவது மறைக்கிறீங்களா?"

"அவ்வளவுதான்."

சாயம் நிற்குமா என்று துணியைப் பார்ப்பதுபோல் அவர் முகத்தைப் பார்த்தாள். டிக்கெட் பெண் குனிந்து, கீழே கிடக்காத எதையோ தேடினாள்.

மனைவி முட்டி போட்டு அவர் காலில் ஷூவை மாட்டப் பார்த்தாள். நாடாவை முழுக்க உருவியும் நுழையவில்லை. விரலால் அழுத்தினாள். கணுக்காலில் விழுந்த குழி மேலே வரவேயில்லை. ஷூவைப் பையில் போட்டுக்கொண்டு தோளைக் கொடுத்தாள். அடுத்த காட்சிக்கு நின்ற பிள்ளைகள் வழிவிட்டார்கள். வெளியே உச்சி வெயில். காலுறையோடு, சூடேறிய படிகளில் அவர் காலை மாற்றி மாற்றி வைத்து இறங்கினார்.