லேமினேஷன் போட்ட நாடுகள்

மகன் ஜெகன் ஜீப்போடு பள்ளத்தில் போன மழைக்காலத்துக்குப் பிறகு சுருளியம்மாள் புருஷன் பாண்டியோடு பேசுவதை விட்டுவிட்டாள். சண்டை ஒன்றுமில்லை. சோறு வைப்பாள், சுடுதண்ணீர் வைப்பாள்; வாய் மட்டும் திறக்காது. பாண்டியும் ஏலக்காய் ஸ்டோரிலிருந்து வந்ததும் ஆல்பத்தை விரித்து உட்கார்ந்துவிடுவான். கானா, மாலி, சாம்பியா. வெள்ளைக்காரன் போன கையோடு அந்தந்த நாடு அச்சடித்த பண நோட்டுகள். பாதி, ஜீப்பில் சவாரி வந்த வெளிநாட்டுக்காரர்களிடம் ஜெகன் சொல்லிவைத்துத் தபாலில் வரவழைத்தவை. கண்ணை மூடித் தடவினாலும் மையின் மேடு பெருவிரலில் தட்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முதலமடையிலிருந்து மோகனசுந்தரம் வந்தார். மாந்தோப்புக்காரர், அவருக்கும் இதே கிறுக்கு. பாண்டியின் கானா நோட்டுக்கு மாற்றாக பியாஃப்ரா நோட்டு ஒன்று கொண்டுவந்திருந்தார்.

"மூணு வருசங்கூட உசுரோட இல்லாத நாடுங்க. நோட்டப் பாருங்க, கல்லாட்டம் இருக்குது."

பாண்டி எழுவதற்குள் சுருளியம்மாளே ஆல்பத்தை எடுத்துவந்து வைத்தாள். கனத்தது. உள்ளே ஒவ்வொரு நோட்டும் கெட்டிப் பிளாஸ்டிக்குக்குள் பளபளத்தது. இந்தச் சாந்தன்பாறை மலை ஈரத்தில் ரேஷன் கார்டிலிருந்து செத்தவர் போட்டோ வரைக்கும் லேமினேஷன் போட்டால்தான் தங்கும்.

"பூஞ்சை புடிக்க ஆரம்பிச்சிருச்சு அண்ணாச்சி. பூப்பாறைக் கடையில குடுத்துப் போட்டுட்டு வந்தேன். எம்புள்ள தேடுனது அழுகிறக் கூடாதுல்ல?"

அவள் குரலைப் பாண்டி கேட்டுக்கொண்டிருந்தான். கொஞ்சம் கரகரத்திருந்தது.

சூட்டில் ஒட்டியது இனிப் பிரியாது. பிரித்தால் தாளும் சேர்ந்து உரியும். சேகரிப்பவர்களுக்கு அது செத்த நோட்டு. மோகனசுந்தரத்தின் முகம் சுண்டிப்போனது.

"ஏனுங்கம்மா, இப்படிப் பண்ணி..."

பாண்டி இருமினான். அவர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார்.

"...பத்திரமா வெச்சுட்டீங்களேன்னு சொல்ல வந்தேனுங்க."

"அதையும் குடுங்க, போட்டுருவோம்." அவள் கை நீட்டினாள்.

"அது அவரு நோட்டு, சுருளி. சும்மா காட்டத்தான் கொண்டாந்தாரு," என்றான் பாண்டி.

மோகனசுந்தரம் நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பாண்டி கூடப்போய் அவரைப் பஸ் ஏற்றிவிட்டான்.

திரும்பி வந்தபோது அவள் ஆல்பத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"புடிச்சிருக்கா?" என்று அவனிடம் கேட்டாள்.

"ம்."

"அவனுக்கும் புடிச்சிருக்கும்."

பாண்டி கானா நோட்டைத் தடவினான். விரல் வழுக்கியது. நோட்டில் அச்சடித்திருந்த நட்சத்திரத்தின் ஓரத்தில், பிளாஸ்டிக்குக்கு உள்ளே, சாம்பல் நிறத்தில் பூஞ்சை இருந்தது. அவள் குனிந்து பார்ப்பதற்குள் பக்கத்தைத் திருப்பினான்.