ஒன்பது பாட்டில் பரங்கிக்காய்

மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தீட்டுவது என் வேலை. பதினாறு வருடமாகத் தீட்டுகிறேன். என் கை பிசகாது என்று ஒரு திமிர் எனக்கு உண்டு. அந்தத் திமிரோடுதான் பரங்கிக்காயிலும் கை வைத்தேன்.

எட்டுக் கிலோ காய். கத்தி இறங்கவில்லை, கத்தியின் முதுகில் சுத்தியலால் தட்டித்தான் பிளந்தேன். விதைகளை வழித்துக் கழுவி வறுத்துக்கொண்டேன். தண்ணீரில் போட்டால் நீர்த்துவிடும் என்று ஆவியில் வேகவைத்து, மசித்து, நார் போக இரண்டு தடவை சல்லடையில் தேய்த்தேன். ஒன்பது கண்ணாடி பாட்டில் நிறைந்தது. மூடிகளைத் திருகி, பெரிய பாத்திரத்தில் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டேன். ஆறும்போது ஒவ்வொரு மூடியும் 'டக்'கென்று உள்ளே இழுத்துக்கொண்டது. அம்மா தக்காளியை இப்படித்தான் போட்டு வைப்பாள். மூடி டக்கென்றால் வருடம் முழுக்கக் கவலை இல்லை என்பாள்.

அதில் ஒன்று தங்கையின் குழந்தைக்கு. எட்டு மாதப் பெண். நான் இன்னும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பத்து மாதம் முன்பு அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தங்கைக்கு ஏழாவது மாதம். பதறுவாளே என்று நான் சொல்லாமல் மறைத்தேன். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளிப்போட்டு, கடைசியில் அம்மா போன பிறகுதான் சொன்னேன். அதோடு என் நம்பரை அவள் போனில் தடுத்து வைத்துவிட்டாள். அவள் வீட்டுக்காரர் மட்டும் கண்ணாடி மாற்றும் சாக்கில் கடைக்கு வந்துபோவார். செவ்வாய்க்கிழமை வந்தவரின் பையில் பாட்டிலைத் திணித்துவிட்டேன். மறுநாளே செய்தி அனுப்பினார்: 'பாப்பா ரசிச்சு சாப்பிடுறாளாம், அக்கா.' அன்று கடையில் எல்லோருக்கும் என் செலவில் டீ.

சனிக்கிழமை காலை கீழ்வீட்டுக்காரர் வந்தார். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எதைப் பார்த்தாலும் குனிந்து உற்றுப் பார்ப்பார் என்பதால் நாங்கள் வைத்த பெயர் மைக்ராஸ்கோப். இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்க வந்தவர், அலமாரியில் இருந்த பாட்டில்களை உற்றுப் பார்த்தார்.

"என்னங்க இது, பரங்கிக்காயா? ஃப்ரிட்ஜ்ல வைக்கலையா?"

"எதுக்கு? ஒரு மணி நேரம் கொதிக்க வெச்சிருக்கேன். தக்காளி மாதிரிதான்."

"தக்காளில புளிப்பு இருக்கு, தாங்கும். இதுல புளிப்பே இல்லையே. காத்து இல்லாத இடத்துல வளர்ற கிருமி ஒண்ணு இருக்குங்க, வெறும் கொதியில சாகாது. வாசனை மாறாது, நிறம் மாறாது. ஆனா நரம்பையே பிடிச்சிடும். இதையே ஃப்ரீசர்ல போட்டிருந்தீங்கன்னா ஒரு பயமும் இல்ல." என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "யாரும் சாப்பிடலையே?"

தங்கை வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தார். மறுபடி போட்டேன். மைக்ராஸ்கோப்பின் போனை வாங்கித் தங்கைக்குப் போட்டேன். தெரியாத நம்பர் என்று எடுக்கவில்லை. கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. மாற்றிப் போட்ட செருப்போடு பஸ் ஏறினேன்.

பதினோரு நிறுத்தம். ஒவ்வொன்றிலும் யாராவது சாவகாசமாக இறங்கினார்கள். ஒருத்தர் படியில் நின்றபடி சில்லறை தேடினார். எனக்கு அவரைப் பிடித்துத் தள்ள வேண்டும்போல இருந்தது. எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். இதற்கு நடுவிலும் என் புத்தி சும்மா இருந்ததா? ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டிருந்தது. 'பாட்டில்ல விரிசல் இருந்த மாதிரி ஞாபகம், கொடு, வேற தர்றேன்' என்று சொல்லி வாங்கிவிடலாம். குழந்தை நன்றாக இருந்தால் அவள் எதற்கு வீணாகப் பயப்பட வேண்டும்? இரண்டு நிறுத்தம் தாண்டித்தான் உறைத்தது. அம்மா விஷயத்திலும் இதே வார்த்தையைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது.

மூன்றாவது மாடி. லிஃப்ட்டுக்குக் காத்திருக்காமல் படியேறினேன். கதவைத் திறந்த தங்கை என்னைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தினாள். அவள் தோளுக்குப் பின்னால் சமையலறை ஜன்னல் தெரிந்தது. அங்கே என் பாட்டில் காலியாக, கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"பாப்பா எங்கே? எப்போ ஊட்டினே? எவ்வளவு ஊட்டினே?"

"தூங்குறா. எதுக்கு இப்படிக் கத்துறே?"

"முழு பாட்டிலுமா? சொல்லுடி!"

அவள் தரையைப் பார்த்தாள். பிறகு வேண்டுமென்றே நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். "ஊட்டவே இல்ல. வந்த அன்னைக்கே சிங்க்ல கொட்டிட்டேன். அவர் சங்கடப்படுவாரேன்னு ஊட்டினதா சொன்னேன். உன் கையால செஞ்சது எதுவும் என் பொண்ணுக்கு வேண்டாம்னு தோணுச்சு. போதுமா?"

நான் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. ஒருத்தி என்னை இவ்வளவு வெறுத்ததற்காக நான் சந்தோஷப்பட்டது அன்றுதான்.

"என்னக்கா, பைத்தியமா உனக்கு?"

கொட்டியாகிவிட்டது, ஆபத்து இல்லை. கோபித்துக்கொண்டவள்போல எழுந்து போயிருந்தால் தப்பு அவள் தலையில் விழுந்திருக்கும். எனக்கு மானமும் மிஞ்சியிருக்கும். நான் போகவில்லை. கிருமியைப் பற்றி, தக்காளியைப் பற்றி, என் திமிரைப் பற்றி, பஸ்ஸில் தயார் செய்த பொய் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். மூச்சு வாங்கியது. "நல்லவேளை கொட்டினே. மன்னிச்சுடு. தெரிஞ்ச நிமிஷமே ஓடி வந்துட்டேன்" என்றேன்.

கதவுப் பிடியை அவள் இன்னும் விடவில்லை. உள்ளே குழந்தை சிணுங்கியது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. என் காலில் இடம் மாறிக் கிடந்த செருப்பைப் பார்த்தாள். குரல் எழும்பாமல்தான் கேட்டாள்.

"அம்மாவுக்கு முடியலைன்னு தெரிஞ்ச அன்னைக்கும் இப்படி ஓடி வந்திருக்கலாமேக்கா?"