ஆனந்தகுமார் கடைப் பூனை

பூனைக்கு ஒரு கண்தான் என்று சொன்னவன் நான். வால் விளக்குமாறு தண்டிக்கு இருக்கும், உட்கார்ந்தால் ஆட்டுக்குட்டி உயரம், உறுமினால் வேலந்தாவளம் செக்போஸ்ட்டில் நிற்கிற லாரி தானாகவே ஸ்டார்ட் ஆகும் என்று சொன்னவனும் நானே. சொல்லும்போது நாக்கெல்லாம் இனித்தது. அதனால் ஒருவர் படுத்துறங்கும் இடமே பறிபோகும் என்று யார் கண்டார்கள்?

எங்கள் முக்கில் ஆனந்தகுமாரின் அப்பா நடத்தியது மளிகைக்கடை. மகன் கோயமுத்தூரில் எம்.பி.ஏ. படித்துவிட்டு வந்து, அதைக் கண்ணாடியும் ஏ.சி.யுமாக சூப்பர் மார்க்கெட் ஆக்கிவிட்டான். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டான்.

"மாமா, ரிட்டயர் ஆகிச் சும்மாதானே இருக்கறீங்க? நம்ம கடையில வந்து உக்காருங்க. நான் இல்லாதப்ப ஆளுங்க எப்படி நடந்துக்கறாங்கன்னு பாத்துச் சொல்லுங்க. அதுக்குப் பேரு கல்ச்சருங்க."

"நான் மாட்டுக்கு ஊசி போட்டவனப்பா. எனக்கென்ன கல்ச்சர் தெரியும்?"

"அதனாலதானுங்க கூப்பிடறேன். வாயில்லாத மாட்டுக்கே என்ன நோவுன்னு கண்டுபிடிச்சவரு நீங்க."

நான் டாக்டர் இல்லை, மாட்டாஸ்பத்திரி இன்ஸ்பெக்டர். ஊர்தான் டாக்டர் என்கிறது. மறுத்துச் சொல்ல எனக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை. அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நாற்காலி, ஊட்டி தோற்றுப்போகும் குளிர், வீட்டில் கண்ணிலேயே காட்டாத சர்க்கரை போட்ட டீ. கவர்னருக்குக்கூட இப்படி ஓர் உத்தியோகம் வாய்க்காது.

கல்ச்சரைக் கண்டுபிடிக்க அரை நாள்கூட ஆகவில்லை. பில் போடுகிற கோமதி, அலமாரியில் நல்லெண்ணெய் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்று நழுவி என் காலடியில் விழுந்து சிதறியது. அவள் முகத்தில் ரத்தமே இல்லை. அதற்குள் பருப்பு வரிசையிலிருந்து ஒரு குரல், சோப்பு வரிசையிலிருந்து ஒரு குரல், குடோனிலிருந்து ஒரு குரல்:

"பூனைங்க!"

யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கடை கூட்டுகிற நாச்சம்மாள் மட்டும் மரத்தூளோடு வந்து, எண்ணெய் ஆற்றுக்கு அணை கட்டிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"டாக்டருங்க, நீங்களும் பாத்தீங்கல்ல? பூனை."

பொருளை உடைத்தவர் அன்றைக்கே வேலையை விட்டுப் போகவேண்டும் என்பது ஆனந்தகுமாரின் சட்டம். யாரும் யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை என்பது அவர்கள் சட்டம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அந்தப் பூனை ஓடிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் ஆனந்தகுமார் கேட்டான். "நெஜமாவே பூனை வருதுங்களா மாமா?"

"வருதாவா?" என்று ஆரம்பித்தவன்தான். கண், வால், உறுமல் என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். கடை ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு அலமாரிகளுக்குப் பின்னால் குலுங்கினார்கள். அன்றைக்கு என் டீக்கு இரண்டு பிஸ்கட் கூடுதலாக வந்தது.

மறுநாள் காலையில் ஷட்டர் ஓரமாக கருப்புசாமி சுருட்டிய பாயோடு நின்றிருந்தார். ராத்திரி வாட்ச்மேன். குடோனுக்குப் பின்னால் இருக்கிற தகர அறைதான் அவருக்கு வீடும் விலாசமும். பகலெல்லாம் தூங்குகிறவர் என்பதால் கடைக்குள் பூனை பிறந்து வளர்ந்த கதை அவருக்குத் தெரியாது.

"பூனை உள்ள வர்ற வரைக்கும் நான் தூங்கிட்டிருந்தனாமுங்க. மாசக் கடைசியில ரூமைக் காலி பண்ணணுமுன்னு சொல்லிட்டாருங்க" என்றார். பிறகு மெதுவாக, "ஏனுங்க டாக்டருங்க, ஆட்டுக்குட்டி அளவு இருக்குமுன்னு சொன்னீங்களாமே. அவ்வளவு பெருசு ஒண்ணு என்ற கண்ணுல படாமயா போயிருக்கும்?"

கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் தன் கண்ணையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்.

உள்ளே போய் கடை ஆட்களிடம் விஷயத்தைச் சொன்னேன். கோமதிதான் முதலில் வாய் திறந்தாள். "நான் போய்ச் சொல்லிடறேனுங்க."

"சொல்லிப்போட்டு?" என்றாள் நாச்சம்மாள். "உன்ற புள்ளைக்குப் பால்பவுடர் பூனை வாங்கித் தருமா? நீ சொன்னா முந்தி ஊறுகா பாட்டலை உடைச்சது ஆருன்னு கேப்பாரு. அது நானு. அப்பறம் குடோன்காரங்க. ஒருத்தரும் மிஞ்ச மாட்டோம்." அப்படியே என் பக்கம் திரும்பினாள். "நாங்க வெறும் பூனைன்னுதானுங்க சொன்னோம். வாலும் கண்ணும் வெச்சது நீங்க."

ஆனந்தகுமாரின் அறைக்குப் போனேன். "தம்பி, பூனையும் இல்லை, ஒண்ணும் இல்லை. பாட்டில் என் கை பட்டு விழுந்தது. விளையாட்டுக்குச் சொன்னேன்."

அவன் சிரித்தான். "கருப்புசாமிக்காகச் சொல்றீங்க. உங்க மனசு தெரியாதுங்களா? நானே பாத்துட்டனுங்க மாமா. நேத்து கடை பூட்டறப்ப, பருப்பு ரேக் மேல. ஒத்தைக் கண்ணு."

எனக்குக் கைகால் சில்லிட்டுவிட்டது, ஏ.சி.யினால் இல்லை. தன் கடையில் எல்லோரும் பார்த்த ஒன்றை முதலாளி மட்டும் பார்க்காமல் இருந்தால் எப்படி? நான் அவிழ்த்துவிட்ட கதைகள் லட்சம் இருக்கும். ஒன்றுகூட இப்படித் திரும்பி வந்து என்னையே கடித்ததில்லை.

உண்மையை அவன் வாங்குவதாக இல்லை. சரி, தெரிந்த தொழிலுக்கே திரும்பினேன்.

"பாத்துட்டயா? அப்ப மறைச்சுப் பிரயோஜனமில்லை. அது என்ற பூனை."

"உங்களுதுங்களா?"

"என் பின்னாடியே வந்து நாற்காலிக்கு அடியில படுத்துக்கும். பட்டப்பகல்ல முன்வாசல் வழியா வர்றதுக்கு ராத்திரி வாட்ச்மேன் என்ன பண்ணுவாரு?"

அவன் நாற்காலியை விட்டு எழுந்தான். "நாளையிலிருந்து நீங்க வரவேண்டாமுங்க மாமா. பூனையும் வரக்கூடாது."

"கருப்புசாமி?"

"இருக்கட்டுமுங்க."

வெற்றிவீரனாக வெளியே வந்தேன். நாச்சம்மாள் விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் சிரிப்பில்லை. "வாட்ச்மேனைக் காப்பாத்திட்டீங்க, சரி. பூனையையும் கையோட கூட்டிட்டுப் போறீங்களே. இனி எதாச்சும் உடைஞ்சா எங்களுக்கு ஆரு இருக்கறாங்க?"

அதை நான் யோசித்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு தினமும் எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்துகொண்டேன். டீயும் இல்லை, குளிரும் இல்லை. ஒரு நாள் மத்தியானம் உள்ளே கண்ணாடி உடைகிற சத்தம். பாலக்காடு வரைக்கும் கேட்டிருக்கும். காதைத் தீட்டிக்கொண்டேன். ஒரு குரலும் வரவில்லை. கோமதியாக இருக்குமோ என்று நினைத்தேன். எழுந்து ரோட்டைக் கடக்கப் போனேன். அப்போது நாச்சம்மாளின் குரல் வந்தது.

"எலிங்க!"

பின்னாலேயே சோப்பு வரிசையும் குடோனும்: "எலிங்க! எலிங்க!"

ரோட்டிலேயே நின்று சிரித்தேன். பஸ்காரன் திட்டிவிட்டுப் போனான். வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் போன் அடித்தது.

"மாமா, கடையில ஒரே எலி" என்றான் ஆனந்தகுமார். "எலி ராத்திரிதானுங்க வரும்? கருப்புசாமி இருந்து என்ன புண்ணியம்? இந்த மாசத்தோட அவரை..."

"பொறு தம்பி, பொறு" என்றேன். "நான் பூனையைக் கொண்டு வர்றேன்."

"அந்த ஒத்தைக் கண்ணுதானுங்களே?"

"அதேதான்."

விடிந்ததும் சந்தைக்கு ஓடினேன். எங்கள் ஊர்ச் சந்தை மாட்டுச் சந்தை. காளை, கிடாரி, எருமை எல்லாம் இரண்டிரண்டு கண்ணோடு என்னைப் பார்த்தன. பழைய தரகர் ஒருவர் கும்பிட்டார். "என்னங்க டாக்டருங்க, எதைத் தேடறீங்க?"

"ஒத்தைக் கண் பூனை. ஆட்டுக்குட்டி உயரம் வேணும். அவசரம்."

அவர் தோளில் கிடந்த துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "ஏப்பா, எல்லாரும் இங்க வாங்க, டாக்டரு கதை ஆரம்பிச்சுட்டாரு!" என்று நாலாபக்கமும் கூப்பிட்டார். அவர்களும் சிரிக்கத் தயாராகச் சுற்றி நின்றார்கள். நான் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்து, பூனை உண்மையிலேயே வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல்லச் சொல்லச் சிரிப்பு கூடிக்கொண்டே போனது.