லிஃப்ட் கணக்கு

கல்லூரிச் சேர்க்கைக்கான இணையதளத்துக்கு மனிதர்களின் முகம் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் கட்டங்கள்தான். ஒரே பிள்ளை இரண்டு முறை விண்ணப்பித்துவிடக் கூடாதே என்று, புதிதாக ஒரு விண்ணப்பம் வந்ததும் பிறந்த தேதி, அம்மாவின் அடையாள எண், வீட்டு முகவரி மூன்றையும் முன்பு வந்தவற்றோடு ஒட்டவைத்துப் பார்க்கும். பெயரை அது நம்பாது. இனிஷியலை ஒரு தடவை முன்னாலும் மறு தடவை பின்னாலும் போடும் ஆட்களை அது நிறையப் பார்த்திருக்கிறது. மூன்றும் ஒத்துப்போனால் கதவைச் சாத்திவிடும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் உலகத்தில் இரட்டைப் பிள்ளைகள் என்று ஒரு சங்கதி இருக்கிறதே! அவர்களுக்காக நாலாவதாக ஒரு கட்டம் வைத்திருந்தார்கள். 'பிறப்பு வரிசை, சான்றிதழில் உள்ளபடி.' ஒன்று அல்லது இரண்டு.

கடைசி நாள் பிற்பகலில், அப்படிப்பட்ட இரட்டையரில் ஒருத்தியான பெரியவள் அந்தக் கட்டத்துக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். மாலை ஐந்து மணிக்கு இணையதளத்தை மூடிவிடுவார்கள்.

இவ்வளவு தாமதத்துக்குச் சோம்பல் காரணமில்லை. அவளுக்கு மின்பொறியியல் படிக்க ஆசை. எதையும் திறந்து உள்ளே பார்க்காமல் விடமாட்டாள். விண்ணப்பத்தின் குறிப்புகளைக்கூட அடிக்குறிப்பு உட்பட முழுக்கப் படித்திருந்தாள். 'உங்கள் குடும்பத்தில் உங்கள் இடம்' என்று ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். அதை எழுதி, அடித்து, மறுபடி எழுதி, இன்று காலையில்தான் ஒருவழியாக முடித்திருந்தாள். 'வீட்டின் மூத்த மகள் என்ற முறையில்' என்று தொடங்கி, பொறுப்பு, விட்டுக்கொடுத்தல், தங்கையைப் பார்த்துக்கொள்ளுதல் என்று அது போயிற்று.

அந்தத் தங்கை பக்கத்துக் கட்டிலில் மல்லாந்து படுத்து, கால் இரண்டையும் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள். வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்று பெயர். போன வாரமே தன் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டவள். அவள் கேட்டிருந்தது கணக்கியல்.

"பிறப்பு வரிசைல நீ என்னடி போட்ட?"

"ரெண்டு. வேற என்ன போடுவாங்க? நீ ஒண்ணு போடு. இதுக்கும் ஆராய்ச்சியா?"

"சான்றிதழ்ல உள்ளபடின்னு போட்டிருக்கே."

"சான்றிதழ் என்ன, உன்னைப் பாட்டியம்மான்னா சொல்லப்போகுது?"

பெரியவள் அலமாரியிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். அதிலிருந்த பிறப்புச் சான்றிதழின் மூலையில் எறும்பு ஊர்ந்த மாதிரி சின்ன எழுத்தில் 'இரட்டை – 2' என்று இருந்தது. தங்கையுடையதை எடுத்துவிட்டோம் என்று நினைத்துப் பெயரைப் பார்த்தாள். அவள் பெயர்தான். அடுத்ததை உருவினாள். சின்னவளின் பெயர், 'இரட்டை – 1'.

"ஏய், எழுந்திரு."

சின்னவள் எழுந்து வந்து பார்த்தாள். முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் முகம் மலர்ந்துகொண்டே போயிற்று.

"அப்ப நான்தான் அக்காவா?"

"பெரியவ யாருன்னு முடிவு பண்ணது அத்தைதானே? இது அவங்க வேலை" என்றாள் பெரியவள்.

அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, பிள்ளைகள் பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் நின்றவள். முதலில் வெளியே வந்தது இளையது, பின்னால் வந்ததுதான் மூத்தது என்று அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். உள்ளே முதலில் போனதுதான் பின்னால் ஒதுங்கி நிற்கும், ஆகவே கடைசியாகத்தான் வெளியே வரும் என்பது அவள் வாதம். வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள். ஆனால் அப்பா லிஃப்ட் மெக்கானிக். முதலில் ஏறுகிறவர் பின்சுவரோடு ஒட்டிக்கொள்வதையும், கதவு திறந்ததும் கடைசியில் ஏறியவர் முதலில் இறங்குவதையும் தினமும் பார்க்கிறவர். அக்கா சொன்னது அவருக்குக் கண்ணாடி போலத் தெளிவாகத் தெரிந்தது. அன்றைக்கே ஒருத்தி பெரியவள், மற்றவள் சின்னவள் ஆனார்கள். ஜன்னலோரக் கட்டில் பெரியவளுக்கு. எதிலும் கடைசித் துண்டு சின்னவளுக்கு. பள்ளிக்கூடத்தில் தேதியை மட்டும்தான் கேட்டார்கள். அந்த மூலையை யாரும் பார்க்கவில்லை.

பெரியவள் கட்டத்தில் 2 என்று தட்டினாள். திரை சிவந்தது. 'இந்த விண்ணப்பதாரரின் விண்ணப்பம் ஏற்கெனவே பெறப்பட்டது.'

அழித்துவிட்டு 1 என்று தட்டினாள். பச்சை.

"போயிடுச்சுல்ல? அனுப்பு" என்றாள் சின்னவள்.

பெரியவள் அனுப்பவில்லை. உதவி மைய எண்ணைத் தேடிக் கூப்பிட்டாள். வெகுநேரம் இசை ஓடிய பிறகு ஒருவர் எடுத்தார். காலையிலிருந்து பேசிப்பேசித் தொண்டை கட்டிய குரல்.

"ஒண்ணுன்னு போட்டா இப்ப போகும்மா. ஆனா சான்றிதழ்ல ரெண்டுன்னு இருந்தா, சரிபார்க்கும்போது தள்ளிடுவாங்க."

"தங்கச்சியோடதும் தப்பா இருக்கே, சார்?"

"அவங்களுது உள்ள வந்தாச்சு. அடுத்த வாரம் திருத்தத்துக்கு நேரம் குடுப்பாங்க. அப்ப ஒண்ணுன்னு மாத்திக்கட்டும். அவங்களுக்குப் பிரச்சினை இல்ல."

"அப்படின்னா நானும் இப்ப ஒண்ணு போட்டுட்டு, அடுத்த வாரம் ரெண்டுன்னு மாத்திக்கறேன்?"

மறுமுனையில் அவர் பெருமூச்சு விட்டார். ஆனால் பொறுமையான ஆள். "ரெண்டு டம்ளர் இருக்கு. ஒண்ணுல பால், ஒண்ணுல தண்ணி. பாலைத் தண்ணி டம்ளருக்கும், தண்ணியைப் பால் டம்ளருக்கும் மாத்தணும். எப்படி மாத்துவீங்க?"

"மூணாவதா ஒரு காலி டம்ளர் வேணும்."

"அந்தக் காலி டம்ளர் எங்ககிட்ட இல்லம்மா. அவங்க ஒண்ணாவது இடத்துக்கு வரணும்னா நீங்க அங்கேருந்து நகரணும். நீங்க ரெண்டாவது இடத்துக்கு வரணும்னா அவங்க நகரணும். எங்க சிஸ்டம் ஒரே நேரத்துல ரெண்டு பேரை நகர்த்தாது. மாட்டிக்கிட்டு நிப்பீங்க."

பெரியவளுக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்கியதில் ஒரு சின்ன மகிழ்ச்சிகூட வந்தது. அதற்கான நேரம் அதுவல்ல என்று அவளுக்கே தெரிந்தது. "அப்ப ஒருத்தி வெளிய வந்து நிக்கணும்."

"உங்க தங்கச்சி இன்னைக்கே அவங்க விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிட்டு, ஒண்ணுன்னு போட்டுத் திரும்ப அனுப்பணும். அப்புறம் நீங்க ரெண்டுல அனுப்புங்க. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். வாபஸ் வாங்கினா அது வராத விண்ணப்பம்தான். அஞ்சு மணிக்குள்ள திரும்ப வந்து சேரலன்னா எங்களால ஒண்ணும் செய்ய முடியாது. இன்னைக்குக் கூட்டம் வேற. சர்வர் திணறுது."

பெரியவள் கைப்பேசியைக் கீழே வைத்தாள். ஒலிபெருக்கியில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சின்னவளின் முகத்தில் இருந்த மலர்ச்சி பாதிக்குமேல் காணாமல் போயிருந்தது.

கணக்கு எளிமையானது. சின்னவள் சும்மா இருந்தால் அவள் விண்ணப்பம் பத்திரம், பெரியவளுக்கு ஒரு வருஷம் போயிற்று. சின்னவள் வெளியே வந்தால் இரண்டு பேருக்கும் வாய்ப்பு உண்டு, இரண்டு பேருக்கும் போகவும் கூடும்.

கேட்க வேண்டியது பெரியவள். அவளுக்கு அது பழக்கமில்லை. இத்தனை வருஷத்தில் தங்கையிடம் அவள் எதையும் கேட்டதில்லை, சொல்லித்தான் பழக்கம். கதவைச் சாத்து, விளக்கை அணை, சத்தத்தைக் குறை. அவளிடம் கேட்பதற்குப் பதிலாக, ஒலிபெருக்கியிலேயே அம்மாவைக் கூப்பிட்டாள்.

அம்மாவுக்குச் சலவைக்கடையில் வேலை. வருகிற துணிகளுக்கு எண் குத்துவது அவள் பொறுப்பு. பின்னால் இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பெரியவள் விஷயத்தைச் சொல்லி முடித்தாள்.

"ஆமா, நர்ஸ் அப்படித்தான் சொன்னாங்க" என்றாள் அம்மா, வெகு சாதாரணமாக.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாம? உங்க அத்தையும் அப்பாவும் சேர்ந்து லிஃப்ட்டு, கதவுன்னு பேசிட்டிருந்தாங்க. நான் அரை மயக்கத்துல கெடந்தேன். யாரு கூட மல்லுக்கட்டறது? இங்க ஒரே மாதிரி ரெண்டு சட்டை வந்தா எந்த நம்பரை எதுல குத்தறோமோ அதுதான் கடைசி வரைக்கும். அப்படின்னு விட்டுட்டேன்."

"இப்ப என்னம்மா செய்யறது? அவ வாபஸ் வாங்கினாத்தான் என்னுது போகும்."

"என்ன செய்யறதா? சண்டை போடாதீங்க. பெரியவ யாரோ அவ விட்டுக்குடுக்கணும், அவ்வளவுதான்" என்றாள் அம்மா, பழக்கதோஷத்தில்.

சொன்ன பிறகுதான் அது எங்கே போய் விழுந்தது என்று மூன்று பேருக்கும் உறைத்தது.

"அம்மா!" என்று சின்னவள் அலறினாள். "எத்தனை வருஷமா நான் அக்காவாகணும்னு ஆசைப்பட்டேன்! ஆகி அரைமணி நேரம் ஆகல, அதுக்குள்ள விட்டுக்குடுக்கணுமா?"

"அதான்டி அந்த வேலை" என்றாள் அம்மா. "கஸ்டமர் வந்துட்டாங்க, வைக்கறேன்."

சின்னவள் தன் கைப்பேசியை எடுத்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். பெரியவள் அவளைப் பார்க்காமல் சான்றிதழ்களை உறைக்குள் போட்டாள். மறுபடி வெளியே எடுத்தாள்.

"உன்னால முடியாதுன்னா வேண்டாம்டி" என்றாள் கடைசியில். "முடிஞ்சா செய்."

"கேக்கறியா, சொல்றியா?"

"கேக்கறேன்."

சின்னவள் அவளை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள். 'வாபஸ்' என்ற பொத்தானைத் தொட்டாள். 'உறுதியாகவா?' என்று கேட்டது. விரல் கொஞ்சம் தயங்கி, பிறகு அழுத்தியது. ஒரு வாரமாக இருந்த ஒப்புகை எண் திரையிலிருந்து மறைந்தது.

அந்த நொடியில் இரண்டு எண்களும் காலி. பெரியவள் நினைத்திருந்தால் தன் மடிக்கணினியில் 2 என்று தட்டி, காலையில் முடித்த கட்டுரையோடு அப்படியே அனுப்பியிருக்கலாம். விரல் விசையின் மேல்தான் இருந்தது. வீட்டு இணைப்போ நூல் மாதிரி மெலிந்தது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் கோப்பு ஏற்றினால் இரண்டும் பாதியில் நிற்கும். ஒருத்திதான் முதலில் போக முடியும்.

அவள் மடிக்கணினியின் இணைப்பைத் துண்டித்தாள்.

"நீ முதல்ல போ."

சின்னவள் ஒன்று என்று போட்டாள். புகைப்படம், சான்றிதழ், மதிப்பெண் எல்லாவற்றையும் மறுபடி ஏற்றினாள். அனுப்பினாள். திரையில் வட்டம் சுழல ஆரம்பித்தது, சுழன்றுகொண்டே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்து அலுவலகத்தில் ஆட்கள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பத் தொடங்கியிருந்தார்கள்.

"நின்னுடுச்சுடி. மறுபடி அழுத்தறேன்."

பெரியவள் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "தொடாத. அது நிக்கல, வரிசையில இருக்கு. நீ மறுபடி அழுத்தினா வரிசையை விட்டு வெளிய வந்து கடைசில போய் நிப்ப. லிஃப்ட் பட்டனை நூறு தடவை அழுத்தினா அது சீக்கிரம் வராது, அவ்வளவுதான். இது அப்படி இல்ல, திரும்பக் கீழ்மாடிக்கே போயிடும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அடிக்குறிப்புல இருந்துச்சு."

சின்னவள் கைப்பேசியைக் கட்டிலில் குப்புறக் கவிழ்த்தாள். இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். பெரியவள் மணிக்கட்டை விடவில்லை. பிறகு 'டிங்' என்று ஒரு சத்தம். புது ஒப்புகை எண்.

"போ, போ, உன்னுதைப் போடு!"

பெரியவள் இணைப்பை மீட்டாள். 2 என்று தட்டினாள். பச்சை. ஆனால் கட்டுரையின் முதல் வரி கண்ணில் பட்டது. 'வீட்டின் மூத்த மகள் என்ற முறையில்.' சான்றிதழில் இரண்டு, கட்டுரையில் மூத்தவள். படிக்கிறவர் என்ன நினைப்பார்?

"மாத்தணும். முழுக்க இதை வச்சுத்தான் எழுதியிருக்கேன்."

"எழுதினது பொய்யா?" என்று கேட்டாள் சின்னவள். "அந்த விட்டுக்குடுக்கறது, பொறுப்பு, என் ஷூ லேஸைக் கட்டிவிட்டது, எல்லாம் நீதானே செஞ்ச? அதை நானா செஞ்சேன்? முதல் வரியை மட்டும் சரி பண்ணு. சீக்கிரம்டி, தங்கச்சி."

பெரியவள் அவளை முறைத்தாள். அந்த வரியை அழித்தாள். யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை, வந்ததை எழுதினாள். 'நான் இரண்டாவதாகப் பிறந்து, மூத்தவளாக வளர்ந்தவள்.' மீதியில் கை வைக்காமல் அனுப்பினாள். வட்டம் சுழன்றது. இந்த முறை சின்னவள்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், தேவை இருக்கவில்லை. எதிர்க் கட்டடத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. எண் வந்தபோது ஐந்து மணிக்கு அதிக நேரம் மீதியில்லை.

சிறிது நேரத்தில் அப்பா கூப்பிட்டார். அம்மா சொல்லியிருப்பாள் போல. ஏதோ லிஃப்ட் குழிக்குள் நின்று பேசினார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்த மாதிரி எதிரொலித்தது.

"ரெண்டும் போயிடுச்சாம்மா? நல்லது. ஆனா கணக்கு தப்பில்ல. முதல்ல ஏறினவங்கதான் கடைசில இறங்குவாங்க. சர்ட்டிபிகேட் எழுதினவனுக்கு லிஃப்ட் பத்தி என்ன தெரியும்?"

"அப்பா, ரெண்டு பக்கமும் கதவு இருக்கற லிஃப்ட்டுல?" என்று கேட்டாள் பெரியவள்.

அவர் யோசித்தார். "அதுல முதல்ல ஏறினவங்க முதல்ல இறங்கிடுவாங்க. ஆனா அதெல்லாம் ஆஸ்பத்திரிலதான் போடுவாங்க, ஸ்ட்ரெச்சர் தள்ளறதுக்கு."

"நாங்க பொறந்தது ஆஸ்பத்திரிலதான்பா."

குழிக்குள் ஏதோ ஒரு ஸ்பேனர் கீழே விழும் சத்தம் கேட்டது. "வேலை இருக்கு, அப்புறம் பேசலாம்" என்றார்.

பெரியவள் மடிக்கணினியை மூடிவிட்டுத் திரும்பியபோது, சின்னவள் ஜன்னலோரக் கட்டிலில் கையைத் தலைக்குக் கொடுத்துப் படுத்திருந்தாள்.

"எழுந்திருடி, அது என்னோடது."

"மூத்தவளுக்குத்தானே ஜன்னல்?"

"மூத்தவதானே விட்டுக்குடுக்கணும்?"

சின்னவள் கூரையைப் பார்த்தபடி அதை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கமாக நகர்ந்து, பாதிக் கட்டிலை மட்டும் காலி செய்தாள்.