ஆனந்தராஜுக்கு உடம்பு சரியில்லை

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். கலைவாணி டீச்சர் பார்க்கத்தான் பார்த்தார். சென்னைக் கம்பெனி ஒன்று முசரவாக்கம் பள்ளிக்கு அனுப்பிய ஆறு பழைய கம்ப்யூட்டர்களையும் துடைத்து, செல்போனில் வீடியோ பார்த்து அவரே வயர் மாட்டினார். ஐந்துக்கு உயிர் வந்தது. ஆறாவது அசையவே இல்லை.

ஒவ்வொன்றின் மேலும் அதில் வேலை பார்த்தவரின் பெயர் ஒட்டியிருந்தது. சுரண்டியும் வரவில்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதுவே வசதியாகிவிட்டது. "சுகாசினி ரொம்ப ஸ்லோ டீச்சர்", "ஜோசுவா ஹேங் ஆயிட்டாரு" என்று ஆட்களைச் சொல்வதுபோலவே புகார் வரும்.

ஓடாததன் பெயர் ஆனந்தராஜ். அது கிடைத்த ஐந்து பேரில் நான்கு பேர் வேறு மேசைக்கு ஓடிவிட்டார்கள். சிம்ரன் மட்டும் நகரவில்லை.

"அவருக்கு ஒடம்பு சரியில்ல டீச்சர். நான் பாத்துக்கினு இருக்கேன்."

தினமும் துப்பட்டா நுனியால் துடைப்பாள், ஸ்விட்சைப் போட்டுப் பார்ப்பாள், அணைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். அந்தப் பிடிவாதக் கழுதை மேல் டீச்சருக்குத் தனிப் பிரியம். அவளுக்காகவே கம்பெனிக்குப் போன் போட்டார். ஓடாததை எடுத்துக்கொள்கிறோம், மாற்று கிடையாது என்றார்கள். அதைச் சிம்ரனிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை, கம்பெனியிலிருந்து நரைத்த தலையோடு ஒருவர் வந்து வயரைக் கழற்றினார். சிம்ரன் குறுக்கே போய் நின்றாள்.

"ஆனந்தராஜைத் தூக்கிக்கினு போவாதீங்க சார். சரியாயிடுவாரு."

அவர் கை அப்படியே நின்றது. "நான்தாம்மா ஆனந்தராஜ்," என்றார்.

சிம்ரன் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இப்போ ஒடம்பு எப்டி இருக்குது சார்?"

டீச்சருக்குச் சிரிப்பு முட்டியது. வந்தவர் சிரிக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இருபது வருஷமா அந்த ஆபீஸ்ல இருக்கேன். இப்டி ஒருத்தரும் கேட்டதில்லமா," என்றார். பிறகு, "உங்கிட்ட ரப்பர் இருக்குதா?"

பெட்டியின் பக்கத் தகட்டைத் திறந்து, விரல் நீளத்தில் ஒரு மெமரி அட்டையை உருவினார். அதன் கறுத்த விளிம்பை அவள் ரப்பரால் அழுத்தித் தேய்த்து மாட்டினார். ஓடவில்லை. மறுபடி தேய்த்தார். மூன்றாம் தடவை திரை வெளுத்தது.

"ஆனந்தராஜ் எழுந்துட்டாரு," என்றாள் சிம்ரன், பக்கத்து வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் விட்டதைச் சொல்கிற மாதிரி.

"ஆபீஸ்ல என்ன சார் சொல்லுவீங்க?" என்று கேட்டார் டீச்சர்.

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மங்கிப்போயிருந்த தன் பெயரின் மேல் அழுத்தி எழுதினார்.

"ஆனந்தராஜ் வரமாட்டேன்னுட்டாருன்னு சொல்றேன்."