பத்து நாள் காப்பு

பக்கிரிசாமியின் பின்மண்டை தரையில் மோதிய சத்தம் குழாயடியில் நின்ற குணவதிக்கே கேட்டது. குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். சடுகுடு பழகிக்கொண்டிருந்தார்கள். பாடிக்கொண்டு போன அவள் புருஷனை எதிர்ப்பக்கத்து நால்வர் காலை வாரித் தூக்கி, காய்ந்த செம்மண் தரையில் மல்லாக்கப் போட்டிருந்தார்கள். கண் செருகிக் கிடந்தவன், அவள் போய்ச் சேர்வதற்குள் எழுந்துவிட்டான். எழுந்தவன் நேராகப் போய் எதிராளிகளின் வரிசையில் நின்றுகொண்டான். அதைப் பார்த்துக் களமே சிரித்தது. சிரிக்கிற விஷயமா அது? மூளை கலங்கி நிற்கிற மனுஷனைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள், படுபாவிகள்.

அன்று செவ்வாய்க்கிழமை. வருகிற சனிக்கிழமை ஜப்பான் ராஜாவின் பிறந்த நாள். கோலா கெத்தில் என்கிற ஊரின் திடலில் ஜப்பான்காரர்கள் முன்னால் ஆட்டம். ஆடப்போகும் ஏழு பேரின் பெயரையும் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி மோரிஸ் எழுதி அனுப்பியாயிற்று. ஆட்டக்காரர்களைச் சயாமுக்கு ரயில் பாதை போட இழுத்துப் போகமாட்டார்கள் என்று அவர்தான் சொன்னார். அவருக்கு யார் சொன்னது என்று ஒருவரும் கேட்கவில்லை. போன வருஷம் மலாயாவின் அந்த ரப்பர் தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போனவர்கள் பதினெட்டுப் பேர். ஒருத்தனிடமிருந்தும் ஒரு வரி கடுதாசி வரவில்லை. ஆள் பிடிக்க வரும் லாரியின் சத்தம் கேட்டாலே ஆண்கள் பால்மரக் காட்டுக்குள் ஓடி ஒளிகிற காலம். அப்படிப்பட்ட காலத்தில் ஏழு பேரில் ஒருவனாக இருந்தால் உயிர் தப்பிக்கும் என்று குணவதி நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்?

மறுநாள் காலை பால் வெட்டும்போதுதான் அடியின் கனம் அவளுக்குத் தெரிந்தது. வெட்டி முடித்து, மங்குக் கிண்ணத்தில் பால் சொட்டிக்கொண்டிருந்த மரத்தையே பக்கிரிசாமி மறுபடியும் வெட்டினான். உளி பட்டையைத் தாண்டிக் கட்டையில் இறங்கியது. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு மரத்தைக் காயப்படுத்தாத கை அது.

"குணா, இந்த மரத்த நான் வெட்டிட்டேனா?" என்று கேட்டான். அடுத்த மரத்திலும் கேட்டான். அதற்கடுத்த மரத்தடியில் குத்தவைத்து, காலையில் தின்ற மரவள்ளிக்கிழங்கையெல்லாம் வாந்தி எடுத்தான்.

அவனை ஒரு புதருக்குப் பின்னால் உட்கார வைத்தாள். மரத்துக் காயத்தில் மேற்பார்க்க வரும் தண்டல் கண்ணில் படாதபடி மண்ணைக் குழைத்து அப்பினாள். அவன் மர நிரையையும் தன் நிரையையும் ஒருத்தியாகவே வெட்டி முடித்தாள். வெட்ட முடியாதவன் என்று தெரிந்தால் அதுவே போதும், லாரியில் ஏற்ற.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் அந்தோணிதாஸிடம் மருந்து ஒன்றும் இல்லை. பக்கிரிசாமியின் கண்ணை விரித்துப் பார்த்தார். கிழமைகளை வரிசையாகச் சொல்லச் சொன்னார். அவன் புதனுக்கு அப்புறம் தடுமாறி நின்றான்.

"உள்ள கலங்கியிருக்கும்மா. பத்து நாள் தலையில ஒண்ணும் படாம இருந்தா தேறிடுவான். அதுக்குள்ள இன்னொரு அடி பட்டா பொழைக்க மாட்டான்" என்றார்.

"ஒரு சீட்டு எழுதிக் குடுங்க ஐயா, ஆட வேணாம்னு."

"எழுதினா நோயாளின்னு ஆயிடும். நோயாளிய எங்க அனுப்புறாங்கன்னு எனக்கே தெரியல. எழுத மாட்டேன்மா, மன்னிச்சிடு."

ஆட்டத்துக்குத் தலைவன் முனியாண்டி அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். அவனிடமும் போய் அழுதாள்.

"ஆடலன்னா வேற ஆள் வருவான், இவன் பேரு லாரிக்குப் போகும். ரெண்டுல எது வேணும்னு நீயே சொல்லு தங்கச்சி" என்றான் அவன். தங்கை புருஷன் மேல் பாசம் இல்லாமல் இல்லை. பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் குணவதி கோயில் பூசாரி பரஞ்சோதியிடம் போய் ஒரு பொய் சொன்னாள். இரண்டு வருஷமாகத் தோட்டத்து மாரியம்மனுக்குத் திருவிழா இல்லை. ஆத்தா கனவில் வந்து, உன் வீட்டுக்காரன் கையில் காப்பைக் கட்டித் திருவிழாவைத் தொடங்கு என்று கேட்டதாகச் சொன்னாள். காப்புக் கட்டியவன் அதை அவிழ்க்கிற பத்தாம் நாள் வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. எல்லையைத் தாண்டாமல் கோலா கெத்திலுக்கு எப்படிப் போவான்? பூசாரி அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு, பக்கிரிசாமியின் மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றைக் கட்டினார். ஆத்தா பேரைச் சொல்லிப் பொய் சொன்ன வாய்க்கு என்ன வருமோ என்று குணவதி பயந்தாள். வரட்டும், எனக்கு வரட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

கயிற்றைப் பார்த்ததும் முனியாண்டி கன்னத்தில் போட்டுக்கொண்டான். ஜப்பான்காரனுக்குப் பயந்தவன் ஆத்தாவுக்குப் பயப்படாமல் இருப்பானா? வேறு ஆள் தேடினான். பக்கத்து லயத்து வீட்டில் இருந்த மணியம் கிடைத்தான், ஒல்லிப்பிச்சான், ஓட்டத்தில் கெட்டிக்காரன். பெயரை மாற்றி எழுதிக்கொண்டு போய் நிற்கக் கிராணிக்குத் துணிச்சல் இல்லை. "சனிக்கிழமை ஒரு நாள் நீதான் பக்கிரிசாமி. கூப்பிட்டா கையத் தூக்கு, போதும்லா" என்று முடித்துவிட்டார்.

மணியத்தின் அம்மா இராசாத்தி வெள்ளிக்கிழமை குணவதியைத் தேடிக்கொண்டு வந்தாள். கையில் ரெண்டு கிழங்கு. "ஒன் கனவுல ஆத்தா வந்த புண்ணியம், என் மவனும் ஏழு பேருல ஒருத்தனாயிட்டான்" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். குணவதிக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு பொய்யால் ரெண்டு உயிர் பிழைக்கிறதே என்று நினைத்தாள், பைத்தியக்காரி.

சனிக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் கிராணி மட்டும் சைக்கிளை உருட்டிக்கொண்டு திரும்பி வந்தார். தோட்டம் ஜெயித்துவிட்டதாம். ஜெயித்த ஏழு பேரையும் வரிசையாக நிறுத்தி, ஜப்பான் அதிகாரி ஆளுக்கொரு சிகரெட் கொடுத்தானாம். தோளையும் தொடையையும் அமுக்கிப் பார்த்தானாம். இவ்வளவு பலமானவர்கள் சயாமில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லி, பட்டியலைப் படித்து ஏழு பேரையும் லாரியில் ஏற்றிவிட்டானாம்.

முனியாண்டியும் போய்விட்டான். குணவதி வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அண்ணனுக்காக அழக்கூடக் கிராணி விடவில்லை.

"கேளும்மா. பட்டியல்ல பக்கிரிசாமி சயாமுக்குப் போயாச்சு. இங்க மிச்சம் இருக்கிறவன் மணியம். திங்கக்கிழமை காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்கு ஜப்பான்காரன் வரான். மணியம்னு கூப்பிட்டா பதில் வரணும். வரலன்னா ஓடிப்போன ஆளுன்னு லயம் லயமா தேடுவான். அப்பறம் என் தலையும் தப்பாது, ஒன் புருஷன் தலையும் தப்பாது."

ஞாயிறு முழுக்க அவள் சொல்லிக் கொடுத்தாள்.

"ஏங்க, ஒங்க பேரு என்ன?"

"பக்கிரிசாமி."

"இல்லங்க. மணியம்."

"மணியம்" என்பான். ஒரு வாய் கஞ்சி குடித்துவிட்டு நிமிர்ந்தால் மறுபடி பக்கிரிசாமி. நல்ல மனுஷனுக்கே ஒரு நாளில் பெயரை மறப்பது கஷ்டம், இவனுக்கோ காலையில் சொன்னது மத்தியானத்தில் இல்லை. ஓங்கி அறைந்துவிடலாம் போல அவளுக்கு ஆத்திரம் வந்தது. அந்தத் தலையில் எப்படி அறைவாள்?

திங்கட்கிழமை விடிகிற நேரம். பெரட்டுக் களத்தில் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். கிராணிக்குப் பக்கத்தில் கத்தியை இடுப்பில் தொங்கவிட்ட ஜப்பான்காரன். குணவதியைப் பெண்கள் வரிசையின் கோடியில் நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்து புருஷனின் முதுகுதான் தெரிந்தது.

"மணியம்."

பதில் இல்லை. பக்கிரிசாமி மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். குணவதி கத்தினால் காட்டிக்கொடுத்ததாகிவிடும். கத்தாவிட்டாலும் போச்சு.

"மணியம்" என்று கிராணி மறுபடியும் கூப்பிட்டார். ஜப்பான்காரன் தலையைத் திருப்பினான்.

பக்கிரிசாமிக்கு நேர் பின்னால், பெண்கள் வரிசையின் முதலில் இராசாத்தி நின்றிருந்தாள். ரெண்டு நாளாக அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். அவள் ஒரு எட்டு முன்னால் வந்து, அவன் முதுகில் கையை வைத்து மெல்லத் தள்ளினாள்.

"ஒன்னத்தான்யா கூப்பிடுறாங்க. பதில் சொல்லு."

"இருக்கேங்க ஐயா" என்று பக்கிரிசாமி கையைத் தூக்கினான். கிராணி அடுத்த பெயருக்குப் போனார்.

பெரட்டு கலைந்ததும் குணவதி ஓடிப்போய் இராசாத்தியின் காலில் விழுந்தாள். இராசாத்தி அவளைத் தூக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. வாளியை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நாளைக்கும் அவன் பின்னாலயே நான் நிக்கிறேன்" என்றாள். "என் மவன் பேரக் கூப்பிடறப்ப யாராச்சும் பதில் சொல்லணும்ல."